அப்பாவுக்குச் சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை: உள்காதில் என்ன நடக்கிறது?

நொய்யல்கரை (சோமனூர்) கேட்கிறார்:

அப்பாவுக்கு 64 வயது. மீசை முளைக்கும் முன்பே தறி ஓட்டப் போனவர். போன தைப்பொங்கல் வரைக்கும் எட்டுத் தறியைத் தனியாளாகப் பார்த்துக்கொண்டார். ஊடை நூலைச் சுமக்கும் நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடிபட்டு ஓடுகிற பழைய விசைத்தறிகள். தறி ஓடும்போது எங்கள் குடோனுக்குள் யாரும் வாயால் பேசி நான் பார்த்ததில்லை. பாவு நூல் அறுந்தது, நாடாவுக்குள் இருக்கும் நூல்தார் தீர்ந்தது, சாப்பாடு வந்தது எல்லாமே உதட்டசைவும் கைச்சாடையும்தான்.

இப்போது அவருடைய காது எங்களுக்குப் புதிராக இருக்கிறது. கேட்கவில்லை என்றும் சொல்ல முடியாது. தெருவில் காய்கறி வண்டி வந்தால் எங்களுக்கு முன்பே எழுந்து போகிறார். பஸ் ஹாரன் கேட்கிறது. தம்பி பேசினால் பாதிக்கு மேல் புரிகிறது. என் மகள் பேசினால் ஒன்றும் பிடிபடுவதில்லை. "தாத்தா, தட்டு எடுங்கள்" என்றால் "எந்தக் கட்டு?" என்கிறார். மெதுவாகச் சொன்னால் காதில் விழுவதில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னாலோ "எதற்குக் கத்துகிறாய், காது வலிக்கிறது" என்று கோபித்துக்கொள்கிறார். குழந்தை இப்போதெல்லாம் அவரிடம் பேசுவதையே குறைத்துவிட்டாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பரிசோதனை செய்த இடத்தில் "நரம்புத் தளர்ச்சி, வயதானால் வரும்" என்று சொல்லி ஒரு வரைபடத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதில் 1000 வரைக்கும் கோடு ஓரளவு நேராகப் போகிறது. 4000 என்ற இடத்தில் பள்ளமாக இறங்கி, 8000இல் சற்று ஏறுகிறது. இரண்டு காதும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

பள்ளியில் நான் படித்தது செவிப்பறை, சுத்தி, பட்டடை, அங்கவடி, பிறகு நத்தைச் சுருள். அதோடு பாடம் முடிந்தது. அந்தச் சுருளுக்குள் போன ஒலி எப்படி உணர்வாக மாறுகிறது? மெதுவான சத்தம் கேட்காத காதுக்குப் பெரிய சத்தம் மட்டும் ஏன் வலிக்கிறது? தெரிந்தவர்கள் விளக்கமாகவே சொல்லுங்கள்.


வடக்குத்தோட்டம் (பல்லடம்) எழுதுகிறார்:

அக்கா, முதலில் காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். என் மாமாவும் தறிக்காரர்தான், இதே கதைதான். காது மெஷின் வாங்கினோம். இப்போது அது பீரோவுக்குள் கிடக்கிறது. பாத்திரம் உருட்டுவது, மின்விசிறி, தெருநாய் எல்லாம் பெரிதாகக் கேட்கிறதாம். பேச்சு மட்டும் பழையபடியே. நான் பண்ணைக்கோழி வளர்க்கிறவன், மருத்துவம் தெரியாது. ஆனால் மெஷினுக்கு அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள் என்பேன்.


பெரும்பள்ளம் (ஈரோடு) எழுதுகிறார்:

அம்மிணி, நான் ஈரோட்டில் செவித்திறன் பரிசோதகராக இருக்கிறேன். வீரப்பன்சத்திரம், பள்ளிபாளையம், குமாரபாளையம் என்று தறி ஓடும் இடங்களிலிருந்து வருகிறவர்கள்தாம் என்னிடம் பெரும்பகுதி. அப்பாவின் காதை நான் நேரில் பார்க்கவில்லை. வரைபடத்தின் எண்கள் ஒலியின் சுருதி, ஹெர்ட்ஸ் கணக்கில். கோடு இறங்கும் சுருதியில் காது மந்தம். ஆனால் 4000இல் பள்ளம், மெல்லிய பேச்சு விழாதது, உரத்த பேச்சு எரிச்சலூட்டுவது, தட்டு கட்டாக மாறுவது ஆகிய எல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் நான் சந்தேகப்படுவது நரம்பை அல்ல, உள்காதின் வெளி மயிர்ச்செல்களை. வயதின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. வயதால் மட்டும் வருகிற இழப்பு பெரும்பாலும் 8000 பக்கம் போகப் போக இறங்கிக்கொண்டேதான் இருக்கும். 4000இல் விழுந்து மறுபடி ஏறுகிற கோடு, இரைச்சல் போட்ட கையெழுத்து.

நடுக்காதைச் சீக்கிரம் தாண்டிவிடுவோம், கோளாறு அங்கே இல்லை. உள்காதில் இருப்பது திரவம். காற்றில் வருகிற ஒலி நேராகத் திரவத்தில் மோதினால் கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிப் போய்விடும். அதனால்தான் செவிப்பறையும் மூன்று எலும்புகளும். பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர், அங்கவடி அழுத்துகிற சாளரம், அதாவது உள்காதின் வாசல், 3 சதுர மில்லிமீட்டர்தான். பெரிய பரப்பில் வாங்கிய விசை சிறிய பரப்பில் இறங்குவதால் அழுத்தம் சுமார் இருபது மடங்கு கூடுகிறது.

இனி நத்தைச் சுருள். இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல். நீட்டி வைத்தால் மனிதருக்குச் சுமார் 35 மில்லிமீட்டர். அதன் நெடுகிலும் அடித்தளச் சவ்வு என்று ஒரு பட்டை ஓடுகிறது. சாளரத்தின் பக்கம் ஒடுக்கமும் விறைப்புமாக இருக்கும். உள்ளே போகப் போக அகன்று தளரும். நனைத்த சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து உதறினால் அலை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடுமே, ஒலியும் அந்தச் சவ்வின் மேல் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் சவ்வின் விறைப்பு இடத்துக்கு இடம் மாறுவதால், ஒவ்வொரு சுருதிக்கும் ஓரிடத்தில் அலை உயர்ந்து, அதைத் தாண்டியதும் அடங்கிவிடுகிறது. கீச்சுக்குரலுக்கு வாசல் பக்கம், தவிலின் கனத்த தொப்பி ஓசைக்குச் சுருளின் உச்சி. 4000 ஹெர்ட்ஸின் இடம் வாசலிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தூரத்தில். உங்கள் கையில் இருக்கும் வரைபடத்துப் பள்ளம், அப்பாவின் சுருளில் அந்த இடத்தில் உள்ள சேதம்.

இந்த ஓடும் அலையைக் கண்டவர் புடாபெஸ்டில் பிறந்த கியார்க் ஃபான் பெகேசி. ஹங்கேரியின் அஞ்சல் துறைத் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இறந்தவர்களின் காதைத் திறந்து, சவ்வின் மேல் வெள்ளித்துகள் தூவி, விட்டுவிட்டு மின்னும் விளக்கொளியில் நுண்ணோக்கி வழியாகப் பார்த்தார். 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

சவ்வின் மேல் மயிர்ச்செல்கள் நான்கு வரிசை. உள்பக்கம் ஒற்றை வரிசையாகச் சுமார் 3,500, வெளிப்பக்கம் மூன்று வரிசையாகச் சுமார் 12,000. ஒவ்வொன்றின் தலையிலும் குட்டை, நடுத்தரம், நெட்டை என்று படிப்படியாக உயரும் நுண்மயிர்கள். குட்டை மயிரின் நுனியை அடுத்த நெட்டை மயிரின் விலாவோடு ஓர் இழை கட்டியிருக்கிறது. சவ்வு ஆடியதும் மயிர்கள் நெட்டைப் பக்கம் சாய்கின்றன, இழை இறுகுகிறது, அது பிடித்திருக்கும் நுண்வழி திறக்கிறது, சுற்றியுள்ள திரவத்திலிருந்து பொட்டாசியம் செல்லுக்குள் பாய்கிறது. அந்தத் திரவம் உடம்பின் மற்ற திரவங்களைவிட 80 மில்லிவோல்ட் அளவுக்கு நேர்மின் அழுத்தத்தில் வைக்கப்பட்டிருப்பதால் பாய்ச்சல் வேகமாக நடக்கிறது. கண்ணில் ஒளி விழுந்தால் வேதிவினைகள் வரிசையாக நடந்து முடிய வேண்டும். காதில் இழுத்தால் திறப்பு, அவ்வளவுதான். மிக மெல்லிய ஒலிக்குச் சவ்வு ஆடுவது ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்தும் இந்த அளவை எழுதும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

இந்த மின்மாற்றத்தை மூளைக்குச் செய்தியாகச் சொல்வது பெரும்பாலும் உள்வரிசை மட்டும். செவி நரம்பில் மூளைக்குப் போகும் இழைகளில் நூற்றுக்குச் சுமார் 95 அந்த 3,500 செல்களிலிருந்தே புறப்படுகின்றன. அப்படியானால் எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கு மேல் இருக்கிற வெளிவரிசைகளுக்கு என்ன வேலை?

அவைதாம் காதின் உழைப்பாளிகள். செத்த காதில் பெகேசி பார்த்த அலை மொண்ணையாக இருந்தது. உயிருள்ள காது அதைவிடக் கூர்மையாகச் சுருதி பிரிக்கிறது. காது தன் பங்குக்கு ஆற்றலைச் சேர்க்காமல் இது நடக்காது என்று 1948இலேயே தாமஸ் கோல்டு எழுதினார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப், காதுத் துளையில் சிறிய ஒலிவாங்கியை வைத்து ஒரு சொடக்கொலியை அனுப்பினார். சில மில்லிநொடிகள் கழித்துக் காதே திருப்பி ஒலித்தது! 1985இல் வில்லியம் பிரௌனெலும் கூட்டாளிகளும், தனியே பிரித்தெடுத்த வெளி மயிர்ச்செல், மின்னழுத்தம் மாறும்போது நீண்டு சுருங்குவதைக் காட்டினார்கள். அப்படி ஆடவைக்கும் புரதம் பிரெஸ்டின். அதன் மரபணு 2000இல் கிடைத்தது.

ஆக, மெல்லிய ஒலி வரும்போது வெளி மயிர்ச்செல்கள் அதே தாளத்தில் சுருங்கி நீண்டு சவ்வை மேலும் ஆட்டிவிடுகின்றன. அதுவும் அந்தச் சுருதிக்கு உரிய இடத்தில் மட்டும். ஒலியின் உரப்பை அளக்கும் டெசிபல் கணக்கில் 40, 50 அளவுக்கு இந்த உதவி கிடைக்கிறது. ஒலி பெரிதாகப் பெரிதாக உதவியைக் குறைத்துக்கொள்கின்றன. உரத்த சத்தத்துக்கு ஏறக்குறைய ஒன்றும் சேர்ப்பதில்லை.

இனி உங்கள் அப்பாவைப் பாருங்கள். அந்தச் செல்கள் செத்த இடத்தில் மெல்லிய ஒலிக்கு உதவி இல்லை, ஆகவே விழவில்லை. உரத்த ஒலிக்கு முன்பும் உதவி தேவைப்படவில்லை, ஆகவே அது அன்று இருந்த கனத்திலேயே இன்றும் மோதுகிறது. கேட்கத் தொடங்கும் அளவுக்கும் வலிக்கும் அளவுக்கும் இடைவெளி குறுகிவிட்டது. அவர் கோபித்துக்கொள்வது பொய்க்கோபம் இல்லை அம்மிணி, உண்மையிலேயே அவருக்குக் கத்துவதாகத்தான் கேட்கிறது. அடுத்து கூர்மை. உயிரெழுத்தின் பலம் கீழ்ச்சுருதியில் இருக்கிறது, அது அவருக்கு நன்றாகவே போய்ச் சேர்கிறது. த, க, ப, ச ஆகியவற்றைப் பிரித்துக்காட்டும் அடையாளங்களில் பெரும்பகுதி 2000க்கு மேலே இருக்கிறது. தட்டும் கட்டும் பட்டும் அவருக்கு ஒரே ஓசை. உங்கள் மகளின் குரல் மெல்லியது, சுருதியும் உயர்ந்தது. அதனால் அவள் பேச்சு முதலில் போகிறது.

ஏன் 4000? தறிக்குடோனின் இரைச்சல் சாதாரணமாக 90 டெசிபலைத் தாண்டும். நம் காதுத் துளையின் நீளத்துக்கு 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி இயல்பாகவே பெரிதாகிவிடும். சேதம் பெரும்பாலும் அடித்த சுருதிக்குச் சற்று மேலே விழும். இரண்டும் சேர்ந்து 4000. எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதுதான் பாதுகாப்புக்கு வைக்கிற கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊரில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓடுகிறது.

கெம்ப் கண்ட அந்தத் திரும்பொலியை நான் தினமும் பார்க்கிறேன். பிறந்து இரண்டு நாளான குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கும்போது, பயறளவு ரப்பர் நுனியைக் காதில் வைப்பேன். சொடக்கு, சொடக்கு என்று ஒலி போகும். திரையில் ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு பட்டை பச்சையாக எழும்பும். குழந்தை அசையக்கூட அசையாது. அதன் வெளி மயிர்ச்செல்கள் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். அதே நுனியை மாற்றிப் பெரியவருக்கு உரியதைப் போட்டு, பல வருஷம் தறி ஓட்டியவரின் காதில் வைத்தால், 1000இல் ஒரு பட்டை வரும். 3000, 4000 இடங்களில் வெறும் இரைச்சல் கோடு. வரைபடம் நன்றாக இருக்கும்போதே இந்தப் பட்டைகள் தேய ஆரம்பிப்பதை இளம் தறிக்காரர்களிடம் பார்க்கிறேன். அப்போது வந்திருந்தால் என்று ஒவ்வொரு முறையும் மனம் அடித்துக்கொள்கிறது.

பல்லடத்துத் தம்பிக்கு: மாமாவின் மெஷினைப் பீரோவிலிருந்து எடுங்கள். எல்லா ஒலியையும் ஒரே அளவு பெருக்குகிற மெஷின் இந்தக் காதுக்கு ஆகாது என்பது சரிதான். ஆனால் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும், அதுவும் இழந்த சுருதிகளில் மட்டும், பெருக்குகிற டிஜிட்டல் கருவிகள் இருக்கின்றன. அவரவர் வரைபடத்துக்கு ஏற்ப அதை அமைக்க வேண்டும். சில வாரம் கழித்துத் திரும்பிப் போய்த் திருத்தவும் வேண்டும். பெரும்பாலோர் அந்த இரண்டாம் முறை வருவதில்லை. மங்கிய கூர்மையைக் கருவி முழுதாகத் திருப்பித் தராது. ஆனாலும் பேத்தியின் பேச்சில் கணிசமான பகுதி வந்து சேரும்.

அம்மிணி, உங்கள் அப்பாவிடம் வேறு பலருக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. ஆயுள் முழுவதும் உதடு படித்தவர் அவர். மகளை அவர் எதிரே வெளிச்சத்தில் உட்கார்ந்து, கத்தாமல், நிதானமாகப் பேசச் சொல்லுங்கள்.


நொய்யல்கரை எழுதுகிறார்:

ஐயா, நன்றி என்று ஒரு சொல்லில் முடிக்க மனம் வரவில்லை. அவர் வேண்டுமென்றே கோபிக்கிறார் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம். உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

இரண்டு கேள்விகள். செத்த மயிர்ச்செல் திரும்ப முளைக்காதா? தம்பிக்கு 33 வயது, அதே குடோனில்தான் ஓட்டுகிறான். பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்கிறான். அது போதுமா?


பாரியூர் (கோபி) எழுதுகிறார்:

விலங்கியல் ஆசிரியை நான். முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

நமக்கு முளைக்காது. பல்லடத்துக்காரர் பண்ணையில் இருக்கிற கோழிக்கு முளைக்கும்! பேரிரைச்சலால் அழிந்த மயிர்ச்செல்களின் இடத்தில் பறவைகளுக்குப் புதியவை உருவாவதை 1988இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் காட்டின. பக்கத்தில் தாங்கி நிற்கும் செல்கள் பிரிந்து மயிர்ச்செல்லாக மாறுகின்றன. சில வாரங்களில் கேட்கும் திறனும் பெரும்பகுதி திரும்புகிறது. பிறந்து வளர்ந்த பாலூட்டியின் நத்தைச் சுருளில் அந்தத் தாங்கிச் செல்கள் இதைச் செய்வதில்லை. அவற்றைத் தூண்டிவிட முடியுமா என்று உலகம் முழுவதும் ஆராய்கிறார்கள். கடையில் கிடைக்கும் மருந்து எதுவும் இன்று இல்லை. இருப்பதாகச் சொல்லி விற்கிறவர்களை நம்பவே நம்பாதீர்கள்.

பாலூட்டிகளின் காது தனி வரலாறு கொண்டது. நம் சுத்தியும் பட்டடையும், ஊர்வனவற்றின் தாடை மூட்டில் இருந்த எலும்புகள் சிறுத்து நகர்ந்து வந்தவை. பறவைக்கு ஓர் எலும்புதான், சுருளும் கிடையாது. நமக்கு இருக்கும் அமைப்பு மிக உயர்ந்த சுருதி வரைக்கும் கேட்க வழி செய்தது. மனிதருக்கு 20,000, நாய்க்கு 45,000, பூச்சி பிடிக்கும் வௌவால்கள் பலவற்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். எதிரொலி கேட்டு இரை தேடும் வௌவாலிடமும் டால்பினிடமும், உறவே நெருக்கமில்லாத இரண்டிலும், பிரெஸ்டின் புரதம் ஒரே திசையில் மாறியிருப்பது 2010இல் தெரிய வந்தது. சத்தியமங்கலம் காட்டில் திரியும் யானை நேர் எதிர். நம் காதுக்கு எட்டாத 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் அது கேட்கும், பேசும். ஆனால் 12,000க்கு மேல் அதற்கு ஒன்றுமில்லை. எல்லாவற்றிலும் அதே நான்கு வரிசை மயிர்ச்செல்கள்தாம். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.


பெரும்பள்ளம் (ஈரோடு) எழுதுகிறார்:

ஆசிரியை சொன்னதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தம்பி விஷயம் என்னுடையது.

பஞ்சு போதாது. சில டெசிபல்தான் குறையும், அதுவும் கெடுதல் செய்யும் சுருதிகளில் போதாமல். மருந்துக்கடைகளில் கிடைக்கும் நுரை அடைப்பான் வாங்குங்கள். வைக்கிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. விரலால் உருட்டி மெலிதாக்கி, மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டு போய்க் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும் வரைக்கும் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைத்ததும் வைக்காததும் ஒன்று. கையில் கிரீஸும் பஞ்சுத்தூசியும் இருக்கும்போது தொட வேண்டாம். குடோனுக்குள் போகும் முன் வெளியில் நின்று வைக்கட்டும். ஊடை அறுந்தால் தெரியாமல் போய்விடும் என்று தறிக்காரர்கள் பயப்படுவார்கள். ஒரு வாரத்தில் குறைந்த சத்தத்திலும் தறியின் மாற்றம் பிடிபட்டுவிடும்.

சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்நோயாகவே இருக்கிறது. வீட்டையொட்டிய சிறு குடோன்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே முதலாளியும் தொழிலாளியும் ஒரே ஆளாக இருக்கிற இடத்தில் தம்பிதான் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனைக்கு அவரை ஷிப்ட் முடித்த கையோடு அழைத்துப் போகாதீர்கள். இரைச்சலுக்குப் பிறகு காது சில மணி நேரம் தற்காலிகமாக மந்தமாக இருக்கும். வரைபடம் உள்ளதைவிட மோசமாகக் காட்டும். ஞாயிறு முழுவதும் தறிப்பக்கம் போகாமல் இருந்து, திங்கள் காலை முதல் ஆளாகப் போகட்டும். வரைபடத்தோடு திரும்பொலிச் சோதனையும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த வருஷம் எடுப்பதோடு 4000க்கு நேரே ஒப்பிட்டுப் பாருங்கள்.